அம்பு காட்டும் பக்கம்

லண்டன்
2.2.1998

அன்புள்ள உலகுக்கு,

மதினி என்று எழுத என் பேனா இன்னும் பழகவில்லை. பொறுத்துக்கொள். இங்கே நானும் என் இருமலும் சௌக்கியம். அங்கே நீ, அண்ணன், அம்மா மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் மூட்டுவலி தேவலையா?

அம்மா இப்போது உன் எதிரே காலை நீட்டி உட்கார்ந்து, "பைய வாசி, ஓடாத" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுக்கு எழுத்து தெரியாது என்பதால் இத்தனை நாள் என் கடிதங்களை அண்ணன்தான் வாசித்துக் காட்டினான். கரண்ட் பில்லை வாசிப்பது போல வாசிப்பான். பாளையங்கோட்டை விடுதியில் என்னோடு ஒரே அறையில் குப்பை கொட்டிய நீயே எங்கள் வீட்டு மருமகளாக வந்ததில் எனக்குக் கிடைத்த முதல் லாபம், இனி என் கடிதத்தை ஒரு மனுஷி வாசிப்பாள்.

"அவ அங்கன என்னதான் படிக்கா?" என்று அம்மா கேட்டாளாமே. சொல்கிறேன், கேட்கச் சொல். ஒரு பெரிய இயந்திரம். அதற்குள் ஆளைப் படுக்கவைத்து, மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று படம் எடுப்போம். உள்ளே ரைஸ்மில் சத்தம். படுத்திருப்பவளின் கண்ணெதிரே ஒரு அம்புக்குறி தோன்றும். அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்க லேசாக இருக்கும். ஆனால் வலதுபக்கம் காட்டும் அம்பு இடது மூலையில் தோன்றினால் கை தன்னாலே இடதுபக்கம் போகும். போகிற கையை நிறுத்தித் திருப்ப வேண்டும். அந்த நிறுத்தும் வேலையை மூளை எப்படிச் செய்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

படுக்கிறவர்களில் பாதிப்பேர் என்னைப் போல. மீதிப்பேருக்கு புலிமியா என்று ஒரு நோய். சாப்பிட ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, அளவில்லாமல் சாப்பிடுவார்கள். பிறகு உடம்பு பெருத்துவிடும் என்று பயந்து, யாருக்கும் தெரியாமல் தாங்களே வாந்தி எடுத்துவிடுவார்கள். பார்த்தால் நோயாளி என்றே சொல்ல முடியாது.

உலகு, நீ சரியாகச் சாப்பிடு. கல்யாணப் போட்டோவில் ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கிறாய். எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் நாத்தனாராகிவிட்ட
பிரேமலதா


கல்லிடைக்குறிச்சி
24.2.98

அன்பு பிரேமாவுக்கு,

உன் இருமல் நின்றதா? இங்கே மூவரும் நலம். உன் அண்ணனுக்கு பாபநாசம் பவர் ஹவுஸில் ஷிப்ட் மாறி மாறி வருகிறது. அத்தையின் மூட்டுக்கு முடக்கத்தான் ரசம் வைத்துக் கொடுக்கிறேன்.

உன் படிப்பைப் பற்றி வாசித்ததும் அத்தை சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார்கள்: "சோத்தைத் தின்னுட்டு வாந்தி எடுக்கதுக்குப் பேரு சீக்கா? அதைப் படம் புடிக்க ஒரு மிசினா? நல்ல படிப்புதான் படிக்கா!" நானும் சிரித்துவிட்டேன்.

இங்கே என்னைப் பற்றிப் பெருமையோ பெருமை. வெள்ளிக்கிழமை விரதம், கிருத்திகை விரதம் எதையும் விடுவதில்லை, பச்சைத் தண்ணீரோடு இருக்கிறேன் என்று அத்தை தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். "எம் மருமவளுக்கு வாய்க்கட்டு அம்புட்டு" என்கிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெண்கள் இன்றைக்கு இப்படிச் செய்யக்கூடாது என்று முடிவு செய்த பிறகும் செய்கிறார்களா? அவர்களுக்கு வெட்கம் இருக்காதா? அதை விட்டவர்கள் யாராவது உண்டா? நானும் விலங்கியல் படித்தவள்தானே, அதனால்தான் கேட்கிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

உலகம்மாள்


லண்டன்
14.3.98

என் உலகே,

இருமல் போய் ஜலதோஷம் வந்திருக்கிறது. மற்றபடி குறைவில்லை. நீங்கள் சுகம் என்று வாசித்ததில் பாதி உடம்பு தேறிவிட்டது.

அம்மாவிடம் சொல், "தின்னுட்டு வாந்தி எடுக்காளுக" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இதுவரை பார்த்ததில், இந்தப் பெண்கள் மற்றவர்களைவிட அவசரமாகப் பொத்தானை அழுத்துகிறார்கள், தப்பும் அதிகம். கையை நிறுத்த வேண்டிய நேரத்தில், நெற்றிக்குப் பின்னாலிருந்து மூளையின் நடுவுக்குப் போகிற பாதை எங்களுக்கு எழும்புகிற அளவு அவர்களுக்கு எழும்பவில்லை. அதனால் நோய் வந்ததா, நோயால் அது அப்படி ஆனதா என்று எங்கள் பேராசிரியருக்கே தெரியாது. இதுவரை படம் எடுத்தவர்களின் எண்ணிக்கையும் போதாது.

நீ கேட்டாயே, முடிவு செய்த பிறகும் செய்வார்களா என்று. தினமும் முடிவு செய்கிறார்கள். வெட்கம் இருக்காதா என்றாய். அந்த வெட்கம்தான் அவர்களைக் கொல்கிறது. இவர்கள் மனஉறுதி இல்லாதவர்கள் இல்லை. நாள் முழுக்கப் பட்டினி கிடக்கத் தெரிந்தவர்கள். அந்தப் பட்டினிதான் பிறகு திருப்பி அடிக்கிறது. விட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. வேளாவேளைக்குச் சாப்பிடப் பழக்கி, உட்கார்ந்து பேசி, தேவைப்பட்டால் மாத்திரை கொடுத்துக் குணமாக்குகிறார்கள்.

உன் கேள்விகள் என் பேராசிரியர் கேட்பவை மாதிரி இருந்தன. நீ மேலே படித்திருக்க வேண்டியவள்.

அம்மாவின் காலுக்கு இதமாகத் தைலம் தேய்த்துவிடு.

பிரேமா


கல்லிடைக்குறிச்சி
22.4.98

பிரேமாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே வெயில் கொளுத்துகிறது. ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான்.

அத்தை உனக்கு ஒரு சேதி எழுதச் சொன்னார்கள். எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. போன வாரம் சாப்பிட்டபின் கொல்லையில் வாந்தி எடுத்ததை அத்தை பார்த்துவிட்டார்கள். "என்னளா, சொல்லவே இல்ல!" என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். நான் என்னமோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கருப்பட்டி எடுக்கப் போய்விட்டார்கள், உளுந்தங்களி கிண்ட.

மூன்று மாதம் முடியாமல் டாக்டரிடம் போகக்கூடாதாம். உனக்கு முன்னால் அத்தைக்கு உண்டானது ஒன்று, அவசரப்பட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய்த்தான் கலைந்தது என்கிறார்கள். ஆடி பிறந்து போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். உன் அண்ணன் சைக்கிளில் ஏறும்போதெல்லாம் விசில் அடிக்கிறார்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உலகு


லண்டன்
3.5.98

அடி என் தங்க மதினி!

உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஆய்வுக்கூடத்தில் ஒரு குதி குதித்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான் அத்தையாகப் போகிறேன்" என்றேன். அவர்களுக்கு என்ன தெரியும் அத்தை என்றால் என்னவென்று!

இவ்வளவு பெரிய சேதியை வேறு விசேஷம் இல்லை என்று முடிக்க உன்னால்தான் முடியும், அழுத்தக்காரி. வெட்கமாக்கும்? மாங்காய் வேண்டுமா, அப்பள மாவு வேண்டுமா, அம்மாவைக் கேட்டு வாங்கித் தின்னு. இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும், விரதமெல்லாம் மூட்டை கட்டி வை. வாந்தி வந்தால் பயப்படாதே, அது நல்லதுக்குத்தான்.

பெண்பிள்ளை என்றால் பெயர் நான்தான் வைப்பேன். அம்மா, உனக்கு ஆயிரம் முத்தம். அண்ணா, விசிலை நிறுத்து, ஊர் சிரிக்கும்.

பிரேமா அத்தை


கல்லிடைக்குறிச்சி
4.6.98

அன்புத் தங்கை பிரேமாவுக்கு அண்ணன் நாறும்பூநாதன் எழுதுவது. உன் நலம் கேட்டு நாளாயிற்று. உன் மதினி படுத்திருப்பதால் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அம்மா சொன்னபடியே எழுதுகிறேன், சிரிக்காதே.

"ஏளா பிரேமா, நல்லா இருக்கியா? உம் மதினி நேத்து ஆத்துப் படித்தொறையில மயங்கி விழுந்துட்டா. பயப்படாத, நாலு பேரு தூக்கிட்டு வந்துட்டாவ. மசக்கை மயக்கம்தான். ஆனா இந்த மாதிரி மசக்கையை நான் பாத்ததில்ல தாயி. நமக்கெல்லாம் காலம்பற வெறும் வயித்துல கொமட்டும். இவளுக்கு அப்படி இல்ல. நல்லாத் திங்கா. நான் பிள்ளைக்குன்னு சுட்டு வச்ச அதிரசம் டப்பாவோட காலி. திங்கட்டும், பிள்ளைக்குப் பசிக்கின்னு நானும் மறுபடி சுட்டேன். தின்ன கையோட கொல்லைக்குப் போயிருதா. சத்தம் வெளிய வராது, வாளியில தண்ணியைத் தொறந்து விட்டுருதா. அம்புட்டு அடக்கம். உடம்பு கரைஞ்சு போச்சு, ஆனா கன்னம் ரெண்டும் பூரிச்சு உப்பியிருக்கு. வலது கை வெரல் மொளியில புண்ணு ஆறவே மாட்டேங்கு. கேட்டா அருவாமனை கிழிச்சிட்டுங்கா. நீ பெரிய படிப்பு படிக்கவ, இதுக்கு என்ன குடுக்கலாம்னு எழுதுளா. ஆடி பொறந்ததும் டாக்டரம்மாட்ட காட்டிருவோம்."

அம்மா சொன்னது முடிந்தது. எனக்கும் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. பதில் போடு.

நாறும்பூநாதன்


லண்டன்
14.6.98

அன்புள்ள உலகு,

நீ எழுந்து உட்கார்ந்து இதை வாசிக்கிற அளவுக்குத் தேறியிருப்பாய் என்று நம்புகிறேன். அம்மா, அண்ணா, நான் நன்றாக இருக்கிறேன். அம்மா, மூன்று மாதம் நான்கு மாதம் என்று பார்க்காதே, உலகுவை உடனே டாக்டரிடம் கூட்டிப்போ. ரத்தத்தில் உப்புச்சத்து பார்க்க வேண்டும் என்று கேள். இளநீரும் மோரும் கொடு.

அப்புறம் அம்மாவுக்கு ஒரு விளையாட்டு. என் ஆராய்ச்சியை நக்கல் செய்தாள் அல்லவா? தேதி காலண்டர் தாள் இரண்டைக் கிழித்து, பின்பக்கம் ஒன்றில் வலதுபக்க அம்பும் இன்னொன்றில் இடதுபக்க அம்பும் வரைந்து, அண்ணன் எதிரே நின்று ஏதாவது ஒரு கையில் மாற்றி மாற்றிக் காட்டட்டும். தாள் எந்தக் கையில் இருந்தாலும் சரி, அம்பு காட்டும் பக்கத்துக் கையை அம்மா சட்டென்று தூக்க வேண்டும். யோசிக்கக்கூடாது. எத்தனை சரியாக வருகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

உலகு, இதற்கு மேல் வாய்விட்டு வாசிக்காதே. அம்மா கேட்டால் சிநேகிதிகள் பேச்சு என்று சொல்.

விரலைத் தொண்டைக்குள் விட்டு வாந்தி எடுக்கும்போது பல் பட்டு விரல் முட்டியில் வரும் அந்தப் புண்ணை நான் இங்கே பல கைகளில் பார்த்திருக்கிறேன். உப்பிய கன்னத்தையும் பார்த்திருக்கிறேன். நாள் தள்ளிப் போவதும் இந்த நோயில் உண்டு. அண்ணனின் எழுத்தில் அதை வாசித்ததும் உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி வாசித்தேன். தினம் இதே வேலையில் கிடப்பவள் நான். வீட்டிலிருந்து வாந்தி என்று சேதி வந்ததும் நானும் பிள்ளை என்றுதான் குதித்தேன், இரண்டு பேருக்குச் சாப்பிடு என்று வேறு எழுதினேன். வாந்தி என்றால் நம் வீட்டுப் பொம்பளைகளுக்கு வேறு அர்த்தமே தெரியாது.

உலகு, நான் நினைப்பது தப்பாக இருந்தால் என்னை வாயார வைதுவிடு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். சரியாக இருந்தால் ஒன்று மட்டும் கேள். நீ கெட்டவள் இல்லை, வயிற்றுக்கு அலைகிறவள் இல்லை. இது நோய். உடம்பில் உப்புச்சத்து இறங்கினால் இருதயம் தடுமாறும். படித்துறையில் வந்தது மசக்கை மயக்கமாக இல்லாமல் இருக்கலாம். ஆடி வரை காத்திராதே.

உன் தோழி, அதற்கப்புறம்தான் நாத்தனார்,
பிரேமா


கல்லிடைக்குறிச்சி
2.7.98

அன்பு பிரேமாவுக்கு,

நலம். மயக்கம் அப்புறம் வரவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் விளையாட்டு இங்கே அமர்க்களம். உன் அண்ணன் அம்பு வரைந்துகொண்டு நின்றார். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இது என்ன பெரிய வித்தை? காட்டுலே" என்று உட்கார்ந்தார்கள். முதல் தடவையே தப்பு. இரண்டாவதும் தப்பு. "ஏலே, நீ ஏமாத்துத" என்று அவரை அடிக்கப் போனார்கள். மறுபடி, மறுபடி. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கடைசியில் அத்தை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்கள்: "எனக்குத் தெரியுது, அம்பு அந்தப் பக்கம்தான் காட்டுதுன்னு. தெரிஞ்சும் கை முந்திக்கிடுது. நான் என்ன செய்ய?"

காலண்டர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு, "அந்தப் பிள்ளையளுக்குச் சோத்துக்கிட்ட இப்படித்தான் ஆவுதாக்கும்? பாவம், நான் அன்னைக்குக் கேலி பேசிட்டேனே" என்றார்கள்.

நான் குழம்பை இறக்க எழுந்து போய்விட்டேன்.

டாக்டரிடம் ஆடி பிறந்துதான். அத்தை ஒரே பிடிவாதம். இளநீர் குடிக்கிறேன்.

நீ வாய்விட்டு வாசிக்க வேண்டாம் என்றதை அத்தைக்கு வாசித்துக் காட்டவில்லை.

உலகு


லண்டன்
12.7.98

உலகு,

இதையும் வாய்விட்டு வாசிக்காதே. நீ நன்றாக இருக்கிறாயா? இந்தத் தடவை இது சம்பிரதாயக் கேள்வி இல்லை. பதில் வேண்டும்.

போன் போடலாம் என்றால் முகம்மது சுல்தான் அண்ணாச்சி கடையில் தெருவே கூடி நிற்கும், நீ "நல்லாருக்கேன்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்ல மாட்டாய். என்னை நீ வையவில்லை. அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அண்ணனுக்கு எழுதிவிட ஒரு நிமிஷம் ஆகாது. எழுதினால் நீ என்னை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாய் என்றுதான் பேனாவை மூடி மூடி வைக்கிறேன். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

உன் கடிதம் அடுத்த மாதம் பாதிக்குள் வராவிட்டால் எழுதிவிடுவேன். என்மேல் கோபப்பட நீ நன்றாக இருக்க வேண்டும்.

பிரேமா


கல்லிடைக்குறிச்சி
3.8.98

என் பிரேமாவுக்கு,

இங்கே அத்தை நலம், அவர் நலம். நான் நலம் என்று எழுதிப் பழகிய கையை இன்றைக்கு நிறுத்திக்கொள்கிறேன்.

நீ நினைத்தது சரி. விடுதியில் இருந்தபோதே தொடங்கியது. நீ பக்கத்துக் கட்டிலில் இருந்தாய், உனக்கும் தெரியாது. கல்யாணத்துக்கப்புறம் விட்டுவிடுவேன் என்று நினைத்தேன். விரதம் இருப்பேன், விரதத்தின் மறுநாள் அடுக்களையில் யாரும் இல்லாத நேரத்தில் என்னை நானே பார்க்கப் பிடிக்காதபடி சாப்பிடுவேன். மிச்சம் உனக்குத் தெரியும்.

ஆடி முதல் திங்கள் டாக்டரிடம் போவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை தன் பழைய சுங்குடிச் சேலையை எடுத்துப் பிள்ளைத்துணிக்காகக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல சேலை. ஒவ்வொரு கிழிப்புக்கும் சர்ரென்று சத்தம். உன் கடிதத்தை எடுத்து, அன்று வாசிக்காமல் விட்டதை வாசித்துக் காட்டிவிடலாம் என்று பிரித்தேன். எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. மடித்து வைத்துவிட்டு, "கிழிக்காதீங்க அத்தை. பிள்ளை இல்ல" என்றேன்.

"என்னளா சொல்லுத?" என்றார்கள். "அந்த வெள்ளைக்காரப் பிள்ளையளுக்கு வந்திருக்கது எனக்கும் வந்திருக்கு அத்தை" என்றேன். அவர்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. என் கையைப் பிடித்து அந்தப் புண்ணைத் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள்: "இத்தனை நாள் என்னை ஏன்ளா ஆச்சியாக்கி வச்சிருந்த?" சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று முழுக்க அத்தை ஒன்றும் சாப்பிடவில்லை, என்னோடு பேசவும் இல்லை. உன் அண்ணன் இரண்டு பேருக்கும் நடுவில் தவித்தார். நான் என் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பையை எடுத்தேன். அவர் பையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, "டாக்டர்ட்ட போறதுன்னா போறதுதான். நாளைக்குக் கெளம்பு" என்றார்.

திருநெல்வேலியில் காட்டினோம். நீ சொன்னபடியே உப்புச்சத்து குறைந்திருந்தது. மருந்து ஏற்றி இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிள்ளை இல்லை என்பதும் உறுதியாகிவிட்டது. மனநல டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. வாரம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். விரதத்துக்குத் தடை போட்டுவிட்டார். சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் தனியே இருக்கக்கூடாதாம், அந்த நேரத்தைத் தாண்டினால் ஆசை அடங்குமாம்.

வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே பக்கத்து வீட்டு இசக்கியப்பன் பெண்டாட்டி பிடித்துக்கொண்டாள். "டாக்டரு என்ன சொன்னாவ? எத்தனை மாசம்?" நான் செருப்பைக் கழற்றுவது போலக் குனிந்துகொண்டேன். அத்தை முன்னால் வந்து சொன்னார்கள்:

"பிள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவளுக்கு வயித்துல சீக்கு. அவ ஒண்ணும் சொல்லல. வாந்தின்னதும் நான்தான் முந்திக்கிட்டு, தப்பான பக்கம் கையைத் தூக்கிட்டேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் உள்ளே போய் அழுதேன் பிரேமா. அத்தை வந்து, கிழித்த துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "எதுக்கு அழுத? துணி எங்கயும் போயிராது, இருக்கட்டும்" என்றார்கள். பிறகு, "எங்கிட்ட பொய் சொன்னது எனக்கு இன்னும் ஆறல, பாத்துக்கோ. அது ஆறும்போது ஆறும். நீ சாப்பிட வா" என்றார்கள்.

உன் அண்ணன் ஷிப்ட் மாற்றிக் கேட்டிருக்கிறார். நான் முழுக்கத் தேறிவிட்டேன் என்று எழுத மாட்டேன். திரும்பி வந்தபின்னும் ஒரு நாள் தவறினேன். டாக்டரிடமும் அத்தையிடமும் சொன்னேன். சொன்னது அதுதான் முதல் தடவை.

இப்போது சாப்பிட்டு இலையை எடுத்ததும் அத்தை காலண்டர் தாளை எடுத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்துவிடுகிறார்கள். "காட்டுளா, இன்னைக்குப் பாத்துருவோம்" என்கிறார்கள். டாக்டர் சொன்ன அந்த நேரம் தாண்டும்வரை மூட்டுவலியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நீ அண்ணனுக்கு எழுதவில்லை என்பதை நான் மறக்க மாட்டேன். குளிர் வருமுன் நல்ல கம்பளி வாங்கிக்கொள், உடம்பை வருத்தாதே.

இன்று மத்தியானம் அத்தைக்கு எல்லாமே தப்பு. நான் எழுந்து போகவில்லை.

உன்
உலகு